பழைய மிக்சி, பழைய ஃபேன், பழைய ஃபிரிட்ஜ்: சேலத்துக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் குகை என்ற பகுதியில் மிக்சி, ஃபேன், கிரைண்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். முப்பது வருடம் தாண்டிவிட்டது. மாதத்தில் இரண்டு நாள் ஏற்காட்டுக்கும் போய் வருவேன். எஸ்டேட் வீடுகளில் கீழே இறக்கிக் கொண்டுவர முடியாத சாமான்கள் கிடக்கும். எங்கே போனாலும் கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. பில் புத்தகத்தின் பின் அட்டையில் குறித்துக்கொண்டே வந்தேன், அட்டை நிறைந்துவிட்டது. கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கீழே போட்டிருக்கிறேன். பழைய சாமான் என்று இங்கே சொல்வது இருபது வருடத்துக்கு மேல் ஓடியதை.

அந்தக் காலத்து சாமான் ஏங்க இவ்ளோ நாள் உழைக்குது? இப்ப வாங்கறது மூணு வருஷத்துல போயிடுதே?

முதலில் பிடிக்காத பதில். அன்றைக்கு உங்கள் தெருவில் பத்து வீட்டில் ஃபேன் வாங்கியிருப்பார்கள். ஒன்பது எப்போதோ செவ்வாய்ப்பேட்டைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போய்விட்டது. மிச்சமிருக்கும் ஒன்று உங்கள் கூடத்தில் சுற்றுகிறது. அதை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் எல்லாரும் அந்தக் காலத்தைப் புகழ்கிறோம்.

ஆனால் அந்தப் புகழ்ச்சி முழுக்கப் பொய்யும் இல்லை. பழைய மோட்டாரில் செம்புக் கம்பி கொஞ்சம் தடிமனாக இருக்கும், இரும்புத் தகடும் தாராளமாக இருக்கும். அதனால் சூடு குறைவு. அந்தக் கம்பிச் சுற்றின் (வைண்டிங்) மேல் கரண்ட் கசியாமல் காக்கும் இன்சுலேஷனுக்கு எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். இன்றைய வார்னிஷ் பழையதைவிட அதிகச் சூடு தாங்கும்தான். தாங்குகிறதே என்று அந்த எல்லை வரைக்கும் மோட்டாரைச் சின்னதாக்கிவிடுகிறார்கள்.

இன்னொரு காரணம் ஸ்க்ரூ. பழையதில் நாலு ஸ்க்ரூ கழற்றினால் எல்லாம் வெளியே வரும். புதியதில் பிளாஸ்டிக் லாக், பசை, ரிவெட். திறக்கும்போதே உடைகிறது. பழையது கெட்டே போகாமல் இருந்ததில்லை. கெட்டுப்போன ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவரால் திறந்து சரிசெய்ய முடிந்திருக்கிறது.

கம்பெனிக்காரங்களே வேணும்னு சீக்கிரம் கெட்டுப்போற மாதிரி செய்யறாங்களாமே, நிஜமா?

ஒரு தடவை நிஜமாகவே நடந்திருக்கிறது. 1924-ல் ஐரோப்பாவின் பெரிய பல்பு கம்பெனிகள் ஜெனீவாவில் கூடி ஃபீபஸ் என்ற கூட்டணி அமைத்தன. குண்டு பல்பு 1,000 மணி நேரத்துக்கு மேல் எரியக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்து, மீறிய ஃபேக்டரிக்கு அபராதமும் போட்டார்கள்.

இதைச் சொன்னால் உடனே கலிஃபோர்னியா பல்பு பேச்சு வரும். லிவர்மோர் என்ற ஊரின் தீயணைப்பு நிலையத்தில் 1901-லிருந்து ஒரு பல்பு எரிகிறது, உண்மைதான். ஆனால் அது இப்போது 4 வாட் அளவுக்குத்தான் மினுங்குகிறது. இழையைக் குறைவாகச் சூடாக்கினால் எந்தக் குண்டு பல்பும் நெடுநாள் நிற்கும், வெளிச்சம்தான் இருக்காது. என் பார்வையில், இன்றைக்குக் கடைக்கு வரும் சாமான்களில் சதியைவிட விலைப்போட்டிதான் அதிகம் தெரிகிறது. 200 ரூபாய் குறைத்து விற்க வேண்டுமென்றால் செம்பில்தான் கை வைப்பார்கள்.

தாத்தா வாங்கின சீலிங் ஃபேன். ஓடுது, ஆனா காத்தே வரல. மோட்டார் போச்சா?

பத்தில் ஏழு தடவை மோட்டாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மோட்டாருக்கு உந்து கொடுக்கும் கண்டன்சர் இறங்கியிருக்கும். வீட்டு சீலிங் ஃபேனில் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபேரட் போட்டிருப்பார்கள். வருடக்கணக்கில் அது 1.6, 1.5 என்று இறங்கிவிடும். ஃபேன் சுற்றும், வேகம் வராது. மாற்ற நூறு ரூபாய்கூட ஆகாது. பழையதில் என்ன எண் எழுதியிருக்கிறதோ அதே எண்ணைப் போடுங்கள். வேகம் கூடட்டும் என்று பெரிய கண்டன்சர் போட்டால் வைண்டிங் சூடாகும்.

அடுத்தது பேரிங். கரண்டை நிறுத்தி, ஏணியில் ஏறி, இறக்கையைக் கையால் ஒரு தள்ளு தள்ளுங்கள். நல்ல ஃபேன் சத்தமில்லாமல் பல சுற்று சுற்றி மெதுவாக நிற்கும். இரண்டு சுற்றில் டக்கென்று நின்றால் பேரிங்கில் கிரீஸ் காய்ந்து கல்லாகிவிட்டது. அம்மாபேட்டையில் ஒரு தறி வீட்டு ஃபேனைக் கழற்றியபோது உள்ளே வேறு கதை. மோட்டார் மூடிக்கும் வைண்டிங்குக்கும் நடுவில் குளவி மண்கூடு கட்டியிருந்தது, சுண்டுவிரல் நீளத்துக்கு. பஞ்சுத் தூசி மேலே படிந்து அது அப்படியே களிமண் உருண்டை போல உட்கார்ந்திருந்தது. தட்டி எடுத்து, தூசி ஊதி, பேரிங் மாற்றிப் போட்டேன். வைண்டிங் அதே பழைய வைண்டிங்தான், இன்னும் ஓடுகிறது.

செவுத்துல இருக்கற பெரிய ரெகுலேட்டர் பெட்டி தொட்டா சுடுது. ஆபத்தா?

அது சூடாவது அதன் இயல்பு. உள்ளே நைக்ரோம் கம்பிச் சுருள் இருக்கிறது. ஃபேனின் வேகத்தைக் குறைக்கும்போது மிச்ச மின்சாரத்தை அந்தச் சுருள் சூடாக்கித் தீர்த்துவிடும். அதாவது ஒன்றாம் நம்பரில் வைத்தால் கரண்ட் மிச்சம் என்று நினைப்பதில் பாதி வீண். பெட்டி கருகல் வாசம் வந்தாலோ, நம்பர் மாற்றும்போது பொறி தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். கண்டன்சர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டர் கேட்டு வாங்குங்கள். பழைய ஃபேனுக்கும் அது பொருந்தும், ஹம்மென்ற இரைச்சலும் வராது.

பழைய ஃபேனைத் தூக்கிட்டு பி.எல்.டி.சி. வாங்குன்னு பையன் சொல்றான். லாபமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய ஃபேன் சுமார் 75 வாட். பி.எல்.டி.சி., அதாவது எலக்ட்ரானிக் போர்டு வைத்து ஓட்டும் மோட்டார் ஃபேன், சுமார் 30 வாட். வித்தியாசம் 45. தினம் 12 மணி நேரம் ஓடினால் 60 நாளைக்கு 32 யூனிட் வரும். நம் மாநிலத்தில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். உங்கள் மொத்தமே அதற்குள் அடங்கினால் சேமிப்பு பூஜ்யம். 500 யூனிட்டைத் தொட்டும் தாண்டியும் நிற்கும் வீடென்றால் அந்த 32 யூனிட், விலை கூடிய மேல் ஸ்லாபில் குறையும், நல்ல லாபம்.

என் யோசனை: ராத்திரி முழுக்க ஓடும் படுக்கையறைக்குப் புதியது, எப்போதாவது ஓடும் முன்ரூமுக்குப் பழையது. பி.எல்.டி.சி.யில் மோட்டார் போவதில்லை, போர்டு போகும். வாங்கும்போதே போர்டு தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். பழைய சுவர் ரெகுலேட்டரோடு அதை இணைக்காதீர்கள்.

அவ்ளோ பழசு, கழண்டு தலையில விழுந்துடாதா?

விழும், கவனிக்காவிட்டால். மோட்டார் உள்ளே எவ்வளவு நன்றாக இருந்தாலும், தொங்கவிடும் கம்பியில் இருக்கும் போல்ட்டும் அதற்குக் குறுக்கே மாட்டும் பின்னும் தேய்ந்திருக்கும். கொக்கியில் மாட்டும் ரப்பர் புஷ் வெடித்திருக்கும். இந்த மூன்றும் வருடத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது பார்த்தால் போதும். பின் இல்லாமல் ஆணியை வளைத்து மாட்டியிருக்கும் ஃபேன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதன் கீழே தொட்டில் கட்டியிருப்பதையும்.

இஸ்திரிப் பெட்டி நாப்பது வருஷம். திடீர்னு சூடே ஆகல. தூக்கிப் போடவா?

போடாதீர்கள். வீட்டிலேயே புரிந்துகொள்ளக்கூடிய சாமான் இது ஒன்றுதான். பிளக்கை உருவிவிட்டு, கைப்பிடியின் கீழே இருக்கும் நட்டைக் கழற்றினால் மேல் மூடி வரும். அதன் கீழே கனமான இரும்புத் தகடு, எடைக்காக வைத்தது. அதையும் தூக்கினால் மைக்கா: பீடி இலை நிறத்தில், கண்ணாடி போல மினுமினுக்கும் மெல்லிய தாள். மைக்காவின் மேல் பட்டையான நைக்ரோம் கம்பி பாய் பின்னியது போலச் சுற்றியிருக்கும். விளக்கைப் பிடித்துப் பாருங்கள். ஏதோ ஓரிடத்தில் கம்பி அறுந்து, முனை கடுகு போல உருண்டிருக்கும். கோளாறு அவ்வளவுதான். எலிமெண்ட் மொத்தமாக மாற்றலாம், அளவு கேட்டு வாங்க வேண்டும். அறுந்ததை முறுக்கி ஒட்டவைக்காதீர்கள், முறுக்கிய இடம் மறுபடி தீய்ந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. சில பழைய பெட்டிகளில், டோஸ்டர்களிலும்கூட, மைக்காவுக்கு மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு போல உதிரும் அட்டை இருக்கும். அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். ஊதாதீர்கள், சுரண்டாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்தால் வெளியே வராது. அப்படித் தெரிந்தால் மூடியை மூடி அந்தப் பெட்டியை ஒதுக்கிவிடுங்கள்.

தொட்டா லேசா 'சுர்'ருனு இருக்கு. செருப்புப் போட்டா தெரியல. பரவாயில்லீங்களா?

இல்லை. இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். செருப்பு போட்டால் தெரியவில்லை என்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தமில்லை. போக வழி கிடைக்காமல் காத்திருக்கிறது. ஈரக் காலோடு தொடும் அன்றைக்கு வழி கிடைக்கும்.

பழைய இரும்பு உடம்புச் சாமான் எல்லாவற்றுக்கும் மூன்று முள் பிளக், நல்ல எர்த், இரண்டும் கட்டாயம். இரண்டு முள் பிளக்கில் ஓடும் இரும்பு டேபிள் ஃபேனையோ இஸ்திரிப் பெட்டியையோ நான் மூன்று முள்ளாக மாற்றாமல் திருப்பிக் கொடுப்பதில்லை. திட்டிக்கொண்டேதான் காசு கொடுப்பார்கள். மெகர் என்ற இன்சுலேஷன் சோதிக்கும் கருவியில் 500 வோல்ட் வைத்துப் பார்க்கும்போது 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் இன்சுலேஷன் போய்விட்டது என்று அர்த்தம். கடையில் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

மெயின் போர்டில் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டுவிடுங்கள், கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் சுவிட்ச் அது. போட்டதும் அது அடிக்கடி விழுகிறது என்று சிலர் எடுத்துவிடுகிறார்கள். விழுந்தால் அது தன் வேலையைச் செய்கிறது. எந்தச் சாமானை மாட்டும்போது விழுகிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள், குற்றவாளி சிக்கும்.

சாமான் நல்லாத்தான் இருக்கு. வீட்டு வயரிங்கே அம்பது வருஷம்.

மரச்சட்டத்தில் கிளிப் அடித்து ஓடும் வயரிங் என்றால் உள்ளே ரப்பர் காய்ந்து பொடியாகியிருக்க வாய்ப்பு அதிகம். வளைத்துப் பார்த்தால் உதிரும். அதில் பெரும்பாலும் எர்த் வயரே இருக்காது. இப்படிப்பட்ட வீட்டில் மேலே சொன்ன மூன்று முள் பிளக் வெறும் அலங்காரம். சாமானுக்குச் செலவு செய்வதை நிறுத்திவிட்டு முதலில் வயரிங்கை மாற்றுங்கள்.

கல்யாணத்துல சீரா வந்த மிக்சி. அரைக்கும்போது உள்ள நீலமா தீப்பொறி தெரியுது.

பின்பக்கத் துளை வழியாகச் சின்னதாக, சீராகத் தெரியும் பொறி இயல்பு. மிக்சி மோட்டாரில் கார்பன் பிரஷ் இரண்டு, சுற்றும் செம்பு வளையமான கம்யூட்டேட்டர் மேல் உரசிக்கொண்டே இருக்கும். பொறி பெரிதாகி, வட்டமாகச் சுற்றி, கருகல் வாசம் வந்தால் பிரஷ் தேய்ந்துவிட்டது. பிரஷ் சின்னப் பொருள், மாற்றுவதும் சுலபம். தேய்ந்ததோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் கம்யூட்டேட்டர் பள்ளம் விழும், அப்புறம் உள்ளே சுற்றும் பாகமான ஆர்மேச்சரே போகும். அங்கே செலவு எகிறும்.

மிக்சி நின்றுவிட்டதா? கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சிவப்புப் பட்டன் இருந்தால் ஐந்து நிமிடம் கழித்து அழுத்துங்கள். ஓவர்லோடு ஆனால் அது தானாக வெளியே வரும். இதற்காக மட்டும் ஆட்டோ பிடித்து வந்தவர்களிடம் நான் காசு வாங்குவதில்லை. பழைய சுமீத் மாதிரி மிக்சிகளில் மோட்டாருக்கு முன்னால் போவது ஜார் புஷ்தான். ஜாரின் அடியில் கறுப்பாக எண்ணெய் கசிந்தால் அதே வாரம் மாற்றுங்கள். தண்ணீர் அந்த வழியாகத்தான் மோட்டாருக்குள் இறங்கும்.

கவர்மெண்ட்டுல குடுத்த மிக்சி, கிரைண்டர், ஃபேன் இருக்கு. அதெல்லாம் ரிப்பேர் பண்ற அளவுக்கு வொர்த்தா?

2011-ல் தொடங்கிக் கொடுத்தவை. கணக்குப்படி என் 'இருபது வருடம்' எல்லைக்கு இன்னும் வரவில்லை, ஆனால் வாரம் இரண்டாவது வருகின்றன. டேபிள் ஃபேன் தாராளமாகச் சரிசெய்யலாம். கிரைண்டரும் பெல்ட் மாற்றினால் போதும் என்கிற நிலையில்தான் பெரும்பாலும் வருகிறது. மிக்சியில் ஆர்மேச்சர் போயிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

கிரைண்டர்ல ஒரு மணி நேரம் ஓட்டினாலும் மாவு நைஸ் ஆகல. மோட்டார் வீக்கா?

மோட்டார் இல்லை, கல். அம்மி தேய்ந்தால் கொத்துவதில்லையா, அதே கதைதான். கல் வழவழவென்று ஆகிவிட்டால் உளுந்து வழுக்கிக்கொண்டே சுற்றும். கல் கொத்துபவர் வீட்டுக்கே வருவார். கொத்திய பின் முதல் ஈடு மாவை மாட்டுக்கு வைத்துவிடுங்கள், கல் பொடி இருக்கும். பெல்ட் தளர்ந்திருந்தாலும் இதே தொல்லை வரும். பாரம் கொடுத்தவுடன் கீச்சென்று கத்தினால் பெல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காயில் எரிஞ்சு போச்சுன்னு சொல்றாங்க. ரீவைண்டிங் பண்ணலாமா, வேண்டாமா?

பெரிய கிரைண்டர், தண்ணீர் மோட்டார், நல்ல பழைய சீலிங் ஃபேன்: பண்ணலாம். சின்ன மிக்சி, மலிவான டேபிள் ஃபேன்: கூலியே புதியதின் பாதி விலை வந்துவிடும், வேண்டாம். பண்ணுகிற இடத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். செம்பா, அலுமினியமா? பழைய சுற்று எத்தனை, கம்பி கேஜ் என்ன என்று எண்ணிக் குறித்தார்களா? வார்னிஷ் ஊற்றி அடுப்பில் காயவைப்பார்களா, வெயிலில் வைப்பார்களா? எரிந்த பழைய கம்பியைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். செம்புக்கு எடைக்கு விலை உண்டு, அது உங்களுடையது.

தொழில் கற்ற புதிதில் நானே ஒரு தப்பு செய்தேன். பழைய கம்பி வார்னிஷோடு இறுகி வரவில்லை. விறகில் போட்டுக் கொளுத்தினால் சுலபமாக வரும் என்று கொளுத்தினேன். வந்தது. ஆனால் அந்த மோட்டார் அதன் பிறகு எத்தனை சுற்றினாலும் கொதித்தது. இரும்புத் தகடுகளுக்கு நடுவில் மெல்லிய இன்சுலேஷன் பூச்சு இருக்கிறது, அதை நெருப்பு தின்றுவிட்டிருந்தது. அந்த வீட்டுக்காரருக்கு நான் வேறு மோட்டார் வாங்கிக் கொடுத்தேன். இன்றும் சிலர் அப்படித்தான் கொளுத்துகிறார்கள்.

தொண்ணூறுக்கு முன்னாடி வாங்கின ஃபிரிட்ஜ். இன்னிக்கும் ஐஸ் கட்டுது. வச்சுக்கலாமா?

இந்த ஒன்றில் நான் பழையதின் கட்சி இல்லை. கெல்வினேட்டர், ஆல்வின், பழைய கோத்ரெஜ், எல்லாமே இரும்புப் பெட்டகம் மாதிரி உழைத்தவை, மறுக்கவில்லை. ஆனால் ஃபேன் மாதிரி இல்லை இது, 24 மணி நேரமும் கரண்டில் இருக்கும். என் மாமனார் வீட்டு 165 லிட்டர் ஃபிரிட்ஜுக்குச் சின்ன மீட்டர் ஒன்றை மாட்டிப் பார்த்தேன். ஏப்ரல் மாதம், இரண்டு நாளில் 2.9 யூனிட். அதே அளவுப் புதியது பக்கத்து வீட்டில் 1.2 யூனிட். 60 நாளைக்குக் கிட்டத்தட்ட 51 யூனிட் வித்தியாசம். ஃபேன் கேள்வியில் சொன்ன ஸ்லாப் கணக்கை இங்கேயும் போட்டுக்கொள்ளுங்கள்.

வைத்துக்கொள்வதென்றால் கதவு ரப்பரைச் சோதியுங்கள். காகிதம் ஒன்றை நடுவில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போச்சு. பின்னால் இருக்கும் கறுப்பு வலையில் ஒட்டடை இருந்தால் துடையுங்கள்.

கேஸ் இறங்கிவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்தக் காலத்து ஃபிரிட்ஜில் இருந்தது ஆர்-12, ஓசோனைக் கெடுக்கும் சி.எஃப்.சி. வகை. 1987 மான்ட்ரியல் ஒப்பந்தப்படி நம்மைப் போன்ற நாடுகள் 2010-க்குள் அதை நிறுத்திவிட்டன. சிலர் எரியும் வகைக் கேஸை அதில் அடைத்துக் கொடுக்கிறார்கள். புதிய ஃபிரிட்ஜிலும் அந்த மாதிரிக் கேஸ் இருக்கிறதே என்பார்கள். புதியதில் அதற்கேற்ப சுவிட்சும் தெர்மோஸ்டாட்டும் பொறி கேஸைத் தொடாதபடி அமைத்திருக்கும். உங்களுடையதில் கதவு திறக்கும்போதெல்லாம் பல்பு சுவிட்ச் பொறி விடும்.

ஏற்காட்டுல வீடு. எதை வச்சாலும் பூசணம் பிடிக்குது. மழை முடிஞ்சு ஆன் பண்ணினா டப்புனு வெடிக்குது.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி 1,500 மீட்டர் உயரத்துக்குப் போய்விட்டால் மின்சாமானுக்கு வேறு உலகம். கீழே எங்களுக்குச் சூடும் தூசியும் எதிரி, மேலே ஈரம். மூன்று மாதம் பூட்டியிருந்த வீட்டில் மோட்டார் வைண்டிங் பனித்துளி குடித்திருக்கும். நேராக 230 வோல்ட் கொடுத்தால் வெடிக்கத்தான் செய்யும்.

செய்ய வேண்டியது சுலபம். அட்டைப்பெட்டி ஒன்றுக்குள் சாமானை வைத்து, தள்ளி ஒரு 40 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டு, பெட்டியில் இரண்டு துளை போட்டு, ஒரு பகல் முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மெகர், பிறகு கரண்ட். வெயில் கிடைத்தால் வெயிலே போதும், அங்கே அது நம் கையில் இல்லை. பூட்டிவிட்டுக் கீழே இறங்கும் முன் எல்லாப் பிளக்கையும் உருவுங்கள். இடி விழும் மாதங்களில் சுவிட்சை மட்டும் அணைத்தால் பயனில்லை. இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியை மின்னல் மதிப்பதில்லை.

ஸ்டெபிலைசர் கட்டாயமா?

பழைய ஃபேன், இஸ்திரிப் பெட்டிக்கு வேண்டாம். ஃபிரிட்ஜுக்கு வேண்டும், லைன் கடைசி வீடாக இருந்தால் கட்டாயம் வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் கம்ப்ரசர் கிளம்ப முடியாமல் முனகும், அந்த முனகலில்தான் எரியும். கரண்ட் போய் வந்தால் மூன்று நிமிடம் தாமதித்து விடும் வகையை வாங்குங்கள்.

அப்பா கேட்ட வால்வு ரேடியோ. முப்பது வருஷமா பரண்ல இருக்கு. ஒரு தடவை ஆன் பண்ணிப் பாக்கட்டுமா?

தயவுசெய்து வேண்டாம். அந்த ஆசையில்தான் நல்ல ரேடியோக்கள் சாகின்றன. உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர்கள் முப்பது வருடத்தில் காய்ந்திருக்கும். திடீரென்று கரண்ட் கொடுத்தால் அவை ஷார்ட் ஆகி, டிரான்ஸ்ஃபார்மரையும் இழுத்துக்கொண்டு போகும். டிரான்ஸ்ஃபார்மர் போனால் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

முதலில் ஏற்காடு கேள்விக்குச் சொன்னபடி காயவையுங்கள். பிறகு தெரிந்தவரிடம் கொடுத்து கண்டன்சர்களை மாற்றச் சொல்லுங்கள். அவர் முதல் தடவை சீரீஸ் பல்பு வைத்துத்தான் ஆன் செய்ய வேண்டும். ரேடியோவோடு வரிசையில் ஒரு 60 வாட் குண்டு பல்பு. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ரேடியோ தப்பிக்கும். நன்றாக இருந்தால் பல்பு மங்கலாக இருக்கும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. நீங்களே திறந்து பார்க்கவும் வேண்டாம், உள்ளே 250 வோல்ட் வரை டி.சி. இருக்கும், பிளக்கை உருவிய பின்னும் கொஞ்ச நேரம் தங்கும்.

நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் வீட்டில் மரப்பெட்டி ரேடியோ ஒன்றைத் திறந்தேன். டயல் கயிற்றுக்குப் பின்னால் பல்லி முட்டை ஓடுகள், சேசிஸ் முழுக்கத் துரு, ஸ்பீக்கர் துணியில் பூசணம். ஓரத்தில் சொருகிய தபாலாபீஸ் லைசன்ஸ் புத்தகம் மட்டும் புத்தம்புதிதாக இருந்தது. அன்றைக்கு ரேடியோ வைத்திருக்க வருடா வருடம் தபாலாபீஸில் பணம் கட்ட வேண்டும். இரண்டு மாதம் எடுத்தது, பாடியது. ஆனால் அவர்கள் புகார் சொன்னார்கள்: திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ் எடுத்தால் கொர்ரென்று இரைச்சல். வீட்டு எல்.இ.டி. பல்புகளையும் செல்போன் சார்ஜரையும் அணைக்கச் சொன்னேன், இரைச்சல் அடங்கியது. பழைய மீடியம் வேவ் ரேடியோவுக்குப் புதிய சாமான்கள்தான் தொந்தரவு.

பழைய டப்பா டிவி?

சென்னையில் செய்த டயனோரா, சாலிடேர் எல்லாம் இன்னும் சில வீட்டில் படம் காட்டுகின்றன. செட்டாப் பாக்ஸில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏ.வி. வயர் வருமென்றால், டிவியிலும் அந்தத் துளை இருந்தால், பார்க்கலாம். ஆனால் பின்மூடியைக் கழற்றாதீர்கள். கலர் டிவி குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் போகும், அணைத்த பிறகும் குழாய் அதைப் பிடித்து வைத்திருக்கும். இதில் நானே கை வைப்பதில்லை, தெரிந்தவரிடம் அனுப்புகிறேன்.

போர் தண்ணில கீசர் காயில் வருஷா வருஷம் போகுது. மாமியார் வீட்டு பழைய செம்புக் கீசர் மட்டும் எப்படி இருபத்தஞ்சு வருஷம்?

பழையதில் செம்புத் தொட்டி, துரு கிடையாது. ஆனால் அவர்கள் வீட்டில் என்ன தண்ணீர் என்று கேளுங்கள். காவிரித் தண்ணீராக இருக்கும். நம் போர் தண்ணீரின் உப்பு காயில் மேல் சுண்ணாம்பாகப் படிந்து போர்வை போல மூடும். காயில் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்க முடியாமல் தன்னையே எரித்துக்கொள்ளும். வருடத்துக்கு ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்தால் காயில் பல வருடம் நிற்கும். அப்போதே உள்ளே இருக்கும் மக்னீசியம் தண்டையும் பாருங்கள். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபட்டுத் தேய்வதுதான் அதன் வேலை. விரல் தடிமனுக்கு வந்துவிட்டால் மாற்றுங்கள்.

காயில் குழாயை அறுத்துப் பார்த்தால் நடுவில் வெள்ளைப் பொடி இருக்கும், மக்னீசியம் ஆக்சைடு. சூட்டை விடும், கரண்டை விடாது. மலையடிவாரத்தில் வெட்டி எடுக்கும் நம் ஊர் வெள்ளைக்கல்லை (மாக்னசைட்) சுட்டாலும் கிடைப்பது மக்னீசியம் ஆக்சைடுதான். இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு ஊர்ப் பெருமை, விட்டுவிடுங்கள். சொட்டுகிறது என்று சேஃப்டி வால்வை அடைத்துவிடாதீர்கள், அது மட்டும் முக்கியம்.

தையல் மெஷினுக்குத் தேங்கா எண்ணெய் விட்டா போதாதா?

போதாது, கெடுதல். நாலு மாதத்தில் பிசினாகி இறுகிவிடும். மெஷின் எண்ணெய்தான். இறுகியதற்கு மண்ணெண்ணெய் விட்டு ஓட்டி, துடைத்து, பிறகு எண்ணெய். உஷா, சிங்கர் காலில் மிதிக்கும் மெஷின்களில் வேறு எதுவுமே கெடுவதில்லை, தோல் பெல்ட் தவிர.

கம்பெனியே இழுத்து மூடிட்டாங்க. ஸ்பேருக்கு எங்க போறது?

கம்பெனி பெயரைச் சொல்லித் தேடாதீர்கள், அளவைச் சொல்லித் தேடுங்கள். பேரிங்கின் ஓரத்தில் எண் பொறித்திருக்கும். 6202 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, தடிமன் 11 மில்லிமீட்டர். 1970-ல் வாங்கினாலும் இன்று வாங்கினாலும் அதே அளவுதான். பெல்ட்டும் அப்படியே. கார்பன் பிரஷ் சற்றுப் பெரியது கிடைத்தால் உப்புத்தாளில் தேய்த்துச் சேர்க்கலாம். பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றிய தெருக்களில் கேளுங்கள், கெட்டுப்போன பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள், போட்டோ போதாது. சொந்தக்காரர் வீட்டில் அதே மாடல் செத்துக் கிடந்தால் அதை எடைக்குப் போட விடாதீர்கள்.

சரி, எப்பத்தான் தூக்கிப் போடணும்னு சொல்லுங்க.

இன்சுலேஷன் சோதனையில் மறுபடி மறுபடி தோற்றால். உடம்பு விரிசல் விட்டு உள் வயர் தெரிந்தால். ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால். கேஸ் போன ஃபிரிட்ஜ். ஒரே வருடத்தில் மூன்றாவது முறை அதே கோளாறுக்கு வந்தால், அதை நான் வாங்கிக்கொள்ளவே மாட்டேன்.

குப்பை வண்டியில் போடாதீர்கள். டிவி குழாயின் கண்ணாடியில் காரீயம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும்.

நீங்க ரிப்பேர்காரர். பழசை வச்சுக்கச் சொன்னாத்தான உங்களுக்குக் காசு? உங்க பேச்சை எப்படி நம்பறது?

அஸ்தம்பட்டியிலிருந்து வந்த ஒரு அம்மா இப்படி நேருக்கு நேர் கேட்டார், மிக்சியை மேஜையில் வைத்தபடியே. நியாயமான கேள்வி. இன்னொரு கடையிலும் விலை கேளுங்கள், பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள், முன்னால் வைத்தே திறக்கச் சொல்லுங்கள் என்றேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிரஷ் இரண்டும் மாற்றினேன், தேய்ந்ததைக் கையில் கொடுத்தேன். அரிசியை விடச் சின்னதாக இருந்தது. அதைப் பர்ஸில் போட்டுக்கொண்டார்.

பிறகு, 'உங்க வீட்டுல என்ன வச்சிருக்கீங்க?' என்றார். ஃபிரிட்ஜ் புதியது, படுக்கையறை ஃபேன் புதியது. இஸ்திரிப் பெட்டி என் அப்பா வாங்கியது, எலிமெண்ட் மூன்று தடவை மாற்றியிருக்கிறேன், பிளக் மூன்று முள்.